கழலாத வளையல்

அக்காவின் கையில் வளையல் நகரவில்லை என்பதை அம்மாவும் பார்த்தாள், நானும் பார்த்தேன். அம்மாவுக்கு அது நல்ல சேதி. எனக்கு அது வேறு சேதி.

அன்று சனிக்கிழமை. ஐப்பசி மழை விடாமல் பெய்துகொண்டிருந்தது. தஞ்சாவூரிலிருந்து பாபநாசம் வந்து, மினி பஸ்ஸுக்கு நின்று, அது வராது என்று தெரிந்து, ஷேர் ஆட்டோவில் ஓரமாகத் தொற்றிக்கொண்டு ஊர் வந்து சேர்ந்தபோது மதியம் ஆகிவிட்டது. நடவு முடிந்த சம்பா வயல்களில் நாற்றின் நுனி மட்டும் தெரிந்தது. தண்ணீரை வடிக்க வரப்பை வெட்டிவிடுவதற்காக அப்பா மண்வெட்டியோடு போயிருந்தார். அந்த வாரம் முழுக்க ஆய்வுக்கூடத்தில் நான் வளர்த்த செல்களில் பூஞ்சை விழுந்து எல்லாவற்றையும் கொட்டியிருந்தேன். படுத்தால் போதும் என்றுதான் வந்தேன்.

அக்கா கட்டிலில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். எட்டாம் மாதம். ஏழாம் மாதத்தில் வளைகாப்பு நடந்தபோது அவள் கை மெலிந்திருந்தது. அத்தைமார்கள் அடுக்கிய கண்ணாடி வளையல்கள் முழங்கை வரை ஏறிச் சரிந்து விழுந்தன. இப்போது அவள் கையைத் தூக்கித் தலைமுடியை ஒதுக்கினாள். சத்தமே வரவில்லை.

"ஒங்கக்கா கையப் பாத்தியா, எப்படி நெறஞ்சிருக்கு" என்றாள் அம்மா. "புள்ளைக்கு சதை புடிக்குதுடி. வளையல் எறங்க மாட்டேங்குது பாரு."

நான் அக்காவின் மணிக்கட்டைப் பிடித்து ஒரு சிவப்பு வளையலைத் திருப்பிப் பார்த்தேன். அது சுற்றவில்லை. வளையலுக்கு அடியில் தோல் பள்ளமாக, வெளுத்துப் போயிருந்தது. முகத்தைப் பார்த்தேன். கண்ணிமைகள் தடித்திருந்தன. தூங்கி எழுந்த முகம் என்று நினைத்தால் அப்படியும் நினைக்கலாம்.

நான் என்ன படிக்கிறேன் என்பதை இந்த இடத்தில் சொல்லிவிட வேண்டும். எங்கள் வீட்டில் எட்டாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். அக்கா எட்டோடு நின்று அம்மாவோடு நடவுக்குப் போனாள். அவள் போனதால்தான் நான் ஒன்பதாம் வகுப்புக்குப் போனேன். இதை யாரும் எனக்கு நினைவூட்டத் தேவையில்லை. இப்போது தஞ்சாவூரில் ஓர் ஆய்வுக்கூடத்தில் ஆராய்ச்சி மாணவியாக இருக்கிறேன். ரத்தக்குழாய்களின் உட்புறத்தை மூடியிருக்கும் செல்களைப் பற்றித்தான் என் ஆராய்ச்சி. ஒற்றை அடுக்கு, அவ்வளவுதான். ஒரு செல் தடிமன்தான் இருக்கும். இதயத்திலிருந்து கால் நகம் வரை, கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய குழாய்கள் வரை எங்கும் அது போர்த்தியிருக்கிறது. புத்தகத்தில் எண்டோதீலியம் என்று போட்டிருக்கும்.

வீட்டில் கேட்டபோது உள்பூச்சு என்று சொல்லி வைத்தேன். "சொவத்துக்குப் பூசுற மாதிரியா?" என்றாள் அம்மா. ஆமாம் என்றேன். "பூச்சு பேந்தா செங்கல் தெரியும். அதுக்கு எதுக்கு இத்தன வருசம் படிக்கணும்?" என்றாள். பூச்சு என்ற சொல் எனக்கே பிடிக்கவில்லை. சிமெண்டுப் பூச்சு செத்த பொருள். இது உயிரோடு இருக்கிறது, வேலை செய்கிறது, பக்கத்தில் என்ன நடக்கிறது என்று கவனித்துக்கொண்டே இருக்கிறது.

அப்பா காலில் கருவேலமுள் குத்துகிறது என்று வைத்துக்கொள்வோம். குத்திய இடத்திலிருந்து சேதி போகிறது. பக்கத்துக் குழாயின் உட்புறச் செல்கள் அதுவரை வழவழப்பாக, எதையும் ஒட்டவிடாமல் இருந்தவை, மேற்பரப்பில் சின்னச் சின்னக் கொக்கிகளை நீட்டுகின்றன. ரத்தத்தில் ஓடிக்கொண்டிருக்கும் வெள்ளையணுக்கள் அதில் பட்டு, உருண்டு, வேகம் குறைந்து, நின்று, இரண்டு செல்களுக்கு நடுவில் நெளிந்து வெளியே போகின்றன. அந்த இடுக்கு வழியே நீரும் கசிகிறது. சிவந்து, சுட்டு, வீங்கி, வலிப்பது இதனால்தான். அழற்சி என்பது இதுதான். அது நோயல்ல, பழுது பார்க்கும் வேலை. வேலை முடிந்ததும் கொக்கிகளை உள்ளே இழுத்துக்கொண்டு இடுக்கை மூடிவிடவும் அந்தச் செல்களுக்குத் தெரிய வேண்டும். மூடத் தெரியாமல் போனால்தான் நோய்.

இந்தச் செல்களை நாங்கள் தொப்புள்கொடியிலிருந்து எடுக்கிறோம். கொடிக்குள் ஓடும் பெரிய ரத்தக்குழாயைக் கழுவி, உட்புறத்தை மட்டும் பிரித்தெடுத்து வளர்ப்போம். அதற்காக நான் பிரசவ வார்டுக்குப் போய், ஒவ்வொரு அம்மாவிடமும் சம்மதம் கேட்டு, கொடியைக் குளிர்பெட்டியில் வைத்துக் கொண்டுவருவேன். எங்கள் பக்கம் இது எளிதாகக் கேட்கக்கூடிய விஷயமல்ல. விழுந்த கொடியைத் தாயத்தில் வைத்துப் பிள்ளை இடுப்பில் கட்டுவார்கள். நஞ்சுக்கொடியை நாய் தோண்டாத ஆழத்தில் புதைப்பார்கள். அதை ஒருத்தி பெட்டியில் போட்டு எடுத்துக்கொண்டு போகிறாள் என்றால் என்ன நினைப்பார்கள்? அம்மா ஊரில் "என் சின்னவ ஆஸ்பத்திரில இருக்கா" என்று மட்டும் சொல்லி வைத்திருந்தாள். வீட்டில் கோபம் வந்தால் "கொடி பொறுக்குற படிப்பு" என்பாள்.

அக்காவின் கணுக்காலுக்கு மேலே எலும்பின்மீது கட்டைவிரலை வைத்து அழுத்தினேன். எடுத்தபின் குழி அப்படியே நின்றது.

"என்னடி பண்ற?"

"தலை வலிக்குதாக்கா?"

"ரெண்டு நாளா இருக்கு. நெத்தியில. கண்ணுல வேற பூச்சி பூச்சியா பறக்குது."

"சூடு" என்றாள் அம்மா. "நீர் கோத்துருக்கு. பார்லித் தண்ணி காய்ச்சிக் குடுத்துக்கிட்டுத்தான் இருக்கேன். ரெண்டு நாள்ல வடிஞ்சிரும். நான் ஒன்னய சுமந்தப்ப எங்காலு ஒரல் மாதிரி இருந்துச்சு. நடவு நட்டுட்டுத்தான் வந்தேன்."

அம்மா சொன்னதில் பொய் இல்லை. மாதமானவளுக்குக் கால் வீங்குவது வழக்கம்தான். கிராம நர்ஸ் போன தடவை பார்த்தபோது பிரஷர் சரியாகவே இருந்தது. அடுத்த செவ்வாய்க்கிழமை மறுபடி பார்க்க வேண்டியது. ஆனால் கையும் இமையும் வீங்கி, தலை வலித்து, கண்ணில் பூச்சி பறந்தால் அது காலில் இறங்கிய நீர் இல்லை. நஞ்சுக்கொடிக்குப் போதிய ரத்தம் கிடைக்காமல் போகும்போது அது தாயின் ரத்தத்தில் சில பொருட்களைக் கலந்துவிடும். உடம்பு முழுவதிலும் உள்ள அந்த ஒற்றை அடுக்கு அதைக் கேட்டு, எங்கும் முள் குத்திவிட்டதுபோல நடந்துகொள்ளும். குழாய்கள் இறுகும். நீர் கசியும். பிரஷர் ஏறும். ஏறிக்கொண்டே போனால் வலிப்பு வரும். வலிப்பு வந்தால் தாயும் போகலாம், பிள்ளையும் போகலாம். இதை நான் பரீட்சையில் எழுதி மதிப்பெண் வாங்கியிருக்கிறேன். இப்போது கட்டிலில் அது என் அக்காவாக உட்கார்ந்திருந்தது.

"ஆஸ்பத்திரிக்குப் போவணும், இப்பவே" என்றேன்.

"வந்ததும் வராததுமா ஆரம்பிச்சிட்டா" என்றாள் அம்மா. "நீ டாக்டரா?"

"இல்ல."

"அப்பறம்?"

டாக்டர் இல்லைதான். ஆனால் இந்த வீட்டில் ஒருவரைப் படிக்க வைத்துவிட்டு, அவள் படித்ததைச் சொல்லும்போது நீ யார் என்று கேட்பது எனக்குப் புதிதில்லை. கோபப்படக்கூட அலுப்பாக இருந்தது. வாசலுக்குப் போய் கிராம நர்ஸுக்கு போன் செய்தேன். அவர் மழைக்கோட்டோடு ஸ்கூட்டியில் வந்து, பிரஷர் பார்க்கும் கருவியின் பட்டையை அக்காவின் மேல்கையில் சுற்றினார். ஒரு தடவை பார்த்தார். கொஞ்சம் பொறுத்து மறுபடி பார்த்தார். அம்மாவிடம் எண்ணைச் சொல்லவில்லை.

"வண்டிய நான் கூப்புடுறேன். துணிமணி எடுத்து வைங்கம்மா."

"எட்டாம் மாசம்மா இது" என்றாள் அம்மா. அவள் குரல் அப்போதுதான் மாறியது. ஏழில் பிறந்தால் பிழைக்கும், எட்டில் பிறந்தால் நிற்காது என்பது எங்கள் ஊரில் எல்லோரும் நம்புவது.

"எட்டுல பொறந்த புள்ளைங்க எங்க ஊர்ல பிளஸ் டூ படிக்குதுங்க. கெளம்புங்க" என்றார் நர்ஸ்.

வயலில் இருந்த அப்பாவுக்குப் பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டு ஆம்புலன்ஸில் ஏறினோம். அக்கா கண்ணை மூடிக்கொண்டு என் துப்பட்டாவின் நுனியைப் பிடித்திருந்தாள். அவள் கணவர் சிங்கப்பூரில் கட்டட வேலையில் இருக்கிறார். நான் மாமா என்று கூப்பிடுவேன். அவருக்கு வாட்ஸ்அப்பில் இரண்டு வரி அனுப்பினேன்.

தஞ்சாவூரில் சேர்த்த வார்டு எனக்குப் பழகிய வார்டு. வாரம்தோறும் குளிர்பெட்டியோடு நிற்கும் மூலையில் அன்று அக்காவின் துணிப்பையோடு நின்றேன். டியூட்டி டாக்டர் என் வயதுதான் இருப்பார். நான் அறிகுறிகளை வரிசையாகச் சொன்னபோது நிமிர்ந்து பார்த்து, "நீங்க என்ன பண்றீங்க?" என்றார். சொன்னேன். தலையசைத்தார். அவ்வளவுதான். ஆனாலும் வீட்டில் அன்று கிடைக்காத ஒன்று அந்தத் தலையசைப்பில் எனக்குக் கிடைத்தது.

வலிப்பு வராமல் இருக்க உடனே ரத்தக்குழாய் வழியாக மருந்து ஏற்ற வேண்டும். சிஸ்டர் ஊசியோடு வந்து அக்காவின் கையைத் தூக்கிப் பார்த்தார். இரண்டு கையிலும் முழங்கை வரை வளையல். மேலே வீக்கத்தில் ஒரு நரம்பும் தெரியவில்லை.

"இந்த வளையல் கடைய மூடுனாத்தாம்மா ஊசி போட முடியும்" என்றார். "கழட்டுங்க."

சோப்பு நுரையைத் தடவி முயன்றோம். மேலே இருந்த சில வளையல்கள் வழுக்கிக் கீழே வந்து, மணிக்கட்டில் இறுகி நின்றவற்றின் மேல் முட்டி நின்றன. எதுவும் கையைத் தாண்டி வரவில்லை. அக்கா பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

"ஒடைச்சிருவோம்" என்றார் சிஸ்டர்.

அம்மா கையை நீட்டித் தடுத்தாள். "அது மட்டும் வேணாம் சிஸ்டர். புள்ள பொறந்ததும் கழட்டி உங்க கையிலயே குடுக்குறேன். அதான மொற. வேற எங்கயாச்சும் குத்துங்க."

வளைகாப்பு வளையலைப் பிரசவம் பார்த்தவளுக்குக் கொடுப்பது எங்கள் வழக்கம். அதுவரை கழற்றக் கூடாது. உடைப்பது என்றால் அது தாலியறுத்தவளுக்குச் செய்வது. அதை அம்மா வாயால் சொல்லவில்லை. சொல்லாததால் அது அந்த இடத்தில் இன்னும் பெரிதாக நின்றது.

"வேற எங்க குத்துறது, நெத்தியிலயா?" என்றார் சிஸ்டர். குரலில் கடுமை இல்லை. நேரம் இல்லை என்பது மட்டும் இருந்தது. "ஒங்க பொண்ணுக்கு ஃபிட்ஸ் வந்துருச்சின்னா நான் வளையல வாங்கி என்னம்மா பண்றது?"

அப்போது என் போன் அதிர்ந்தது. மாமா. வீடியோவில் மஞ்சள் தொப்பியும் பின்னால் இரும்புக் கம்பிகளும் தெரிந்தன. நான் நடந்ததைச் சொல்லிப் போனை அம்மாவின் பக்கம் திருப்பினேன்.

"அத்தை, ஒடைக்கச் சொல்லுங்க."

"மாப்ள, ஒங்களுக்கு ஒண்ணு கெடக்க ஒண்ணு…"

"எனக்கு என்ன? நான் இங்க பரோட்டா தின்னுக்கிட்டு இருக்கேன். பாருங்க." பொட்டலத்தைத் தூக்கிக் காட்டினார். "ஒங்க மகள மொதல்ல பாருங்க. நான் லைன்லயே இருக்கேன்."

அக்கா கண்ணைத் திறக்காமலே பேசினாள். "அம்மா. எனக்குத் தலை வெடிக்குது. ஒடச்சிரு."

அம்மா முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டாள். "நான்தான மொத வளையல் போட்டேன். நானே எடுக்குறேன்" என்றாள். சிஸ்டர் வளையலுக்கும் தோலுக்கும் நடுவில் பஞ்சுத்துணியைச் செருகிக் கொடுத்து, இடுக்கியை எங்கே வைத்து அழுத்த வேண்டும் என்று காட்டினார். பக்கத்துக் கட்டிலில் இருந்தவளின் மாமியார் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

முதல் வளையல் சின்னச் சத்தத்தோடு போனது. அம்மா உடனே போனைப் பார்த்தாள்.

"மாப்ள, இருக்கீங்களா?"

"இருக்கேன் அத்தை."

அடுத்தது.

"மாப்ள?"

"இருக்கேன் அத்தை. சாப்புட்டுக்கிட்டு இருக்கேன்."

இப்படியே போனது. ஒவ்வொரு சத்தத்துக்கும் ஒரு கேள்வி, ஒரு பதில். நடுவில் சிக்னல் போய்த் திரை உறைந்து நின்றபோது அம்மாவின் கையில் இடுக்கியும் உறைந்தது. படம் மறுபடி அசைந்து, மாமா தண்ணீர் குடிப்பது தெரிந்த பிறகுதான் அவள் அழுத்தினாள். சிஸ்டருக்குச் சிரிப்பு வந்ததோ என்னவோ, உதட்டைக் கடித்துக்கொண்டார். ஒரு கை முடிந்ததும் "போதும், இந்தக் கை போதும்மா" என்று சொல்லி அம்மாவை நகர்த்திவிட்டு ஊசியை ஏற்றினார். முதல் முயற்சியில் கிடைக்கவில்லை. இரண்டாவதில் குழாயில் ரத்தம் ஏறியது. சுளகில் அரிசி விழுந்ததுபோலத் தரையில் கண்ணாடித் துண்டுகள் கிடந்தன. அம்மா குனிந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் கைக்குட்டையில் முடிந்தாள்.

மருந்து ஏறியபின் நானும் அம்மாவும் வராந்தாவில் உட்கார்ந்தோம். மழை தகரக்கூரையில் கொட்டிக்கொண்டிருந்தது. அம்மா கேட்டாள்: "அந்தப் பூச்சு பேந்துருச்சுங்குறியா?"

"பேரலம்மா. அது பயந்துபோயிருக்கு. ஒடம்பு பூராவும் ஒரே நேரத்துல பயந்துபோயிருக்கு."

"யாரு பயமுறுத்துனா?"

"நஞ்சுக்கொடி."

அம்மா கைக்குட்டை முடிச்சை மடியில் வைத்தாள். "அப்ப கொடி வெளிய வந்துட்டா?"

"கொஞ்சம் கொஞ்சமா அடங்கும். ஒடனே இல்ல. அதுக்கு வேற மருந்தே கெடையாது."

"அப்ப எடுக்கச் சொல்லு" என்றாள். எட்டாம் மாதத்தைப் பற்றி அதன்பின் அவள் பேசவில்லை.

பிள்ளையின் நுரையீரல் முதிர்வதற்கென்று அக்காவுக்கு ஊசி போட்டுவிட்டு, பிரஷரை மருந்தால் கொஞ்சம் இறக்கி, மறுநாள் காலையில் ஆபரேஷன் செய்தார்கள். பெண் குழந்தை. என் உள்ளங்கையிலிருந்து முழங்கை வரை வைத்தால் அதைவிடக் கொஞ்சம் நீளம் இருக்கும். அழுதது. அந்த அழுகை பூனைக்குட்டியின் சத்தம் அளவுதான், ஆனால் அழுதது. பச்சிளங்குழந்தைகள் பிரிவுக்குக் கொண்டுபோய்விட்டார்கள்.

எனக்கு வழக்கமாகக் கொடியை எடுத்து வைக்கும் ஆயாம்மா ஆபரேஷன் தியேட்டர் கதவைத் திறந்து தலையை நீட்டினார். "பாப்பா, ஒங்கக்கா கொடி. எடுத்து வைக்கவா? பெட்டி கொண்டாந்திருக்கியா?"

"வேணாம் ஆயாம்மா" என்றேன். "இந்த மாதிரி பிரஷர் இருந்த கொடியெல்லாம் எங்களுக்கு ஆகாது. நோவில்லாத கொடிதான் எடுக்கணும்."

பின்னால் அம்மா நின்றிருந்தாள். இத்தனை வருடமாக என் படிப்பைப் பற்றி ஊரில் மறைத்த அம்மா.

"ஏன்டி, ஊரான் ஊட்டுக் கொடியெல்லாம் ஆவும். ஒங்கக்கா கொடி மட்டும் ஆவாதா?"

"அப்படி இல்லம்மா, அதுக்கு ஒரு மொற இருக்கு…"

"என்ன மொற? அவ மட்டும் என்ன கொறஞ்சிட்டா?"

ஆயாம்மா இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார். நான் விளக்கவில்லை. விளக்கும் தெம்பு இல்லை. அம்மா அன்று முழுக்க என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. வருகிறவர்களிடம் மட்டும் "எங்க சின்னவ அந்தக் கொடியிலதான் ஆராய்ச்சி பண்றா, ஆனா அக்கா கொடிய எடுக்க மாட்டேன்னுட்டா" என்று குறை சொல்லிக்கொண்டிருந்தாள்.

பிரஷர் உடனே இறங்கவில்லை. குழந்தை பிறந்தபின்னும் வலிப்பு வரலாம் என்பதால் மருந்தை நிறுத்தவில்லை. அக்காவைக் கண்காணிப்பு வார்டில் வைத்திருந்தார்கள். குழந்தை கண்ணாடிப் பெட்டிக்குள் கொஞ்சம் கொஞ்சமாகத் தேறிக்கொண்டிருந்தது. அந்த நாட்களில் நான் காலையில் ஆய்வுக்கூடத்துக்குப் போய்ப் புதிதாக வளர்த்த செல்களுக்கு உணவு மாற்றிவிட்டு, வார்டுக்கு வந்து அக்காவைத் துடைத்துவிட்டு, மறுபடி போவேன். நுண்ணோக்கியில் பார்த்தால் செல்கள் கூழாங்கல் பாவியதுபோல ஒன்றையொன்று ஒட்டி, இடுக்கில்லாமல் படிந்திருக்கும். அந்த அமைதியைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்தபடி கண்ணயர்ந்துவிடுவேன். அதில் அழற்சியைத் தூண்டும் பொருளை ஊற்றிப் பார்ப்பதுதான் என் அப்போதைய வேலை. அந்த வாரம் நான் ஊற்றவில்லை. ஒரு வாரம் அவை அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். வழிகாட்டி கேட்டபோது உடம்பு சரியில்லை என்று சொன்னேன். அது பொய்யுமில்லை.

அக்காவின் இடது கையில் மிச்சமிருந்த வளையல்கள் ஒரு நாள் மெல்ல ஆடத் தொடங்கின. அவள் தண்ணீர் டம்ளரை எடுக்கும்போது சத்தம் கேட்டு நான் திரும்பினேன். சுவரோரம் பாயில் படுத்திருந்த அம்மாவும் எழுந்து உட்கார்ந்தாள்.

நான் அக்காவின் கணுக்காலுக்கு மேலே கட்டைவிரலை வைத்து அழுத்தினேன். குழி விழுந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே மெல்ல மேலே வந்தது.

"காலையிலதான அமுக்குன" என்றாள் அக்கா. "எத்தன வாட்டிடி? இது காலா, இல்ல பரோட்டா மாவா?"

அம்மா எழுந்து வந்து, அக்காவின் இடது கையைப் பிடித்து, சோப்புத் தடவாமலே வளையல்களை ஒவ்வொன்றாகக் கழற்றினாள். எல்லாம் முழுசாக வந்தன. அவற்றை எடுத்துக்கொண்டு அன்று ஊசி போட்ட சிஸ்டரைத் தேடி வராந்தாவில் நடந்தாள். நான் அக்காவின் கட்டில் ஓரத்தில் தலையைச் சாய்த்தேன். சிஸ்டர் என்ன சொன்னார் என்று கேட்க விழித்திருக்க வேண்டும் என்று நினைத்தேன். தூங்கிவிட்டேன்.